மருந்துச் சீட்டில் பரிசோதனைத் தேதியும் வேண்டும்

ஆசிரியருக்கு,

நோயாளிக்கு எந்த ரத்தப் பரிசோதனை பாக்கி என்பதைக் கணினியே மருத்துவருக்கு நினைவூட்டும் முறை பற்றிய கட்டுரையை முழுமையாக ஆமோதிக்கிறேன்.

முடக்குவாதத்துக்காக என் அக்கா மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். வாரத்தில் ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை; ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். அவர் போகும் மருத்துவமனையிலும் கணினி இருக்கிறது, பழைய சீட்டை அப்படியே அச்சடித்துத் தர! வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்காமல் போன பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மருத்துவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளியே அத்தனை பேர் டோக்கனோடு காத்திருக்கையில் யாருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கும்?

ஆனால், எதற்கெடுத்தாலும் திரையில் எச்சரிக்கை வந்தால் படிக்காமலே மூடிவிடுவார்கள். மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின், லித்தியம், அமியோடரோன் போன்ற சில மருந்துகளுக்கு மட்டும் வைத்தால் போதும். கூடவே, கடைசியாகப் பரிசோதித்த தேதியையும் அடுத்த தேதியையும் நோயாளியின் சீட்டிலேயே தமிழில் அச்சிட்டுத் தரலாம். தேதி தாண்டியிருந்தால் மருந்துக் கடைக்காரர்கூடக் கேட்டுவிடுவார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்