ஜன்னலை மாற்றச் சொல்கிறார்கள்

போன மாதம் ஒரு இளைஞர் பையில் வெள்ளைச் சட்டத் துண்டுகளோடு வந்தார். எங்கள் ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் ஓல்டு மாடல். எடுத்துட்டு யுபிவிசி ஸ்லைடிங் போட்டுடலாம். லைஃப்டைம் கவலையில்லை" என்றார். சதுர அடி 850 ரூபாய், எட்டு ஜன்னலுக்கு 1,08,800. "பழைய மரத்தை நாங்களே எடுத்துக்கிறோம், அதுக்குச் சார்ஜ் கிடையாது" என்று பெருந்தன்மையாக வேறு சொன்னார். 1988-ல் பி.எஃப். லோன் போட்டு நான் வாங்கிய தேக்கு அது!

பெங்களூரிலிருந்து பையனும் போனில், "அப்பா, மழை வந்தா மூட முடியலன்னு வருஷா வருஷம் புலம்பறீங்க. மாத்திடுங்க, பணம் நான் அனுப்பறேன்" என்றான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மாற்றியாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பழசு மேல் பாசம் என்று நினைக்காதீர்கள். கணக்கு உதைக்கிறது.

ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. என் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அப்படியானால் 20 சதுர அடி திறப்பு வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு இருப்பதால் இன்று 32 இருக்கிறது. ஸ்லைடிங் போட்டால் 16. லட்ச ரூபாய் கொடுத்துக் காற்றைப் பாதியாக்க வேண்டுமா?

"ஏசி இருக்கே" என்பீர்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் ஐந்து நாள் கரண்ட் இல்லை. படுத்த படுக்கையாக இருந்த என் அம்மாவுக்கு அப்போது வயது 86, மூச்சுத் திணறல் வேறு. பகலெல்லாம் நாலு கதவையும் திறந்து வைத்தோம். ராத்திரி கீழ்க்கதவு இரண்டையும் சாத்திவிட்டு மேலே இரண்டை மட்டும் திறந்து வைத்தோம். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது, சூடான காற்று மேலே வெளியேறும். அந்த வசதி இந்தப் புது மாடலில் எங்கே?

சரி, மழையில் இறுகிப்போவது? மாற்றுவதற்கு முன்னால் பழைய ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கதவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். அடி விளிம்பில் பெயிண்டே இல்லை, பச்சை மரம். "கண்ணுக்குத் தெரியுற இடத்துக்கு மட்டும் அடிச்சா இப்படித்தான் சார். தண்ணியை இது கீழேர்ந்து உறிஞ்சும்" என்றார். முப்பத்தைந்து வருடமாக நான் குறை சொன்னது மரத்தை. தப்பு பெயிண்ட் அடித்த விதத்தில்!

இரண்டு கதவுக்கு அடிச்சட்டம் மாற்றி, கீல்களைப் புதுசாக்கி, இழைத்து, நாலு விளிம்பும் பெயிண்ட் அடித்து முடிக்க நாலு நாள். கூலியும் சாமானும் சேர்த்து 14,000 ரூபாய்.

யுபிவிசி மோசம் என்று நான் சொல்லவில்லை. கரையான் அரிக்காது, ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் குடியிருப்பவர்களுக்குச் சத்தம் குறையும். சட்டம் முழுக்கக் கரையான் தின்ற வீட்டில் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கீல் வைத்து முழுசாகத் திறக்கிற மாடல் அதிலேயே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வருகிறவர் ஸ்லைடிங்கைத்தான் முதலில் காட்டுவார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஜன்னல் கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் முதலில் ஆசாரிக்குப் போன் போடுங்கள்.