மிகையா, நிரப்பா?

பதுளையில் பயிலும் மாணவி ஒருத்தி வினவுகிறாள்: “கணிதத்தில் ‘மிகைநிரப்பு கோணங்கள்’ என்கிறார்கள், மொழிப்பாடத்தில் ‘மேலதிக வாசிப்பு நூல்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சப்ளிமென்டரி’ என்னும் ஒரே சொல்தானாம். கோணத்துக்கும் கதைப்புத்தகத்துக்கும் என்ன உறவு?”

நல்ல வினா. அச்சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. குறைந்ததை நிரப்புதல் என்பதே அதன் மூலப்பொருள்.

நேரே செல்லும் புகையிரதப் பாதையொன்றைத் தோட்டத்துக் குறுக்குப்பாதை சாய்வாகச் சந்திக்கிறதென்று கொள்வோம். (தெமோதரைப் பாதை இதற்கு உதவாது, அங்கே தண்டவாளம் வளைந்து சுற்றித் தன் நிலையத்தின் அடியிலேயே புகுந்து செல்கிறது!) ஒருபுறத்துக் கோணம் 130 பாகையாயின் மறுபுறத்தது 50 பாகை. இந்த 50 மிகையன்று; நேர்கோணமாகிய 180 பாகைக்கு 130இல் குறைந்து நின்றதே அது. இரு கோணங்களும் ஒட்டியிருக்கவும் வேண்டியதில்லை. ஒன்றைப் பதுளையிலும் மற்றொன்றைப் பசறையிலும் வரைந்தாலும் அவை மிகைநிரப்பு கோணங்களே. 90 பாகையை நிரப்புவன வெறும் நிரப்பு கோணங்கள். அவற்றினின்று பிரித்தறியவே ‘மிகை’ முன்வந்து நின்றது எனக் கொள்ளலாம். நன்னூலார் ‘மிகைபடக் கூறலை’க் குற்றமென்றார்; அந்த மிகை வேறு.

வாசிப்புக்கு வருவோம். ஊவாத் தேயிலையின் தனி நறுமணத்துக்கு ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் வறண்ட காற்று காரணம் என்று பாடநூல் கற்பிக்கும். அக்கொழுந்தைக் கொய்தவள் மாலையில் லயன் அறைக்குத் திரும்பிய பின் நிகழ்ந்ததை அது கூறாது. 1934இல் பதுளை மாவட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அவ்வூரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அதனை எழுதினார். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதி 1979இல் வெளிவந்தது. தேயிலைப் பாடத்தில் குறைந்து நிற்கும் பாகைகள் இத்தகைய நூல்களிலேதான் இருக்கின்றன.

ஆகவே, ‘மேலதிகம்’ என்ற பெயர் எனக்கு உவப்பாயில்லை. பரீட்சை நெருங்கியதும், அப்பெயரையே சாக்காக்கி அந்நூல்களை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வீட்டில் வேறு நூலே இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஓர் அலமாரிதான் நூலகம். ‘துணைப்பாடம்’ என்பது சற்று மேல். ‘நிரப்பு நூல்’ என்றால் இன்னும் பொருந்தும்.

வினா அனுப்பிய மாணவி, தன் பாடசாலையில் அலமாரிச் சாவி எவரிடம் இருக்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுவாளாக.