அழகியற் கல்வியும் எங்கள் கரையும்

க.பொ.த. சாதாரண தர மாணவன் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இலக்கிய நயம் என்பனவற்றுள் ஒன்றைத் தெரியலாம் என்பது ஏட்டு விதி. ஆசிரியர் இல்லாத பாடசாலையிலே இத்தெரிவுக்குப் பொருளேது? இருக்கின்ற ஆசிரியர் எதனைக் கற்பிப்பாரோ அதுவே மாணவனது விருப்பமாகிவிடுகின்றது.

தமிழிற் சங்கீதமும் நடனமும் பயிற்றும் உயர் நிலையங்கள் மருதனார்மடத்திலும் மட்டக்களப்பிலும் உள்ளன. வடமேல் மாகாணத்துத் தமிழ்ப் பாடசாலைகளோ இரண்டிற்கும் தொலைவில். 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் வழி மாகாண சபைகள் கல்வியிற் பங்கு பெற்றன. ஆயினும் பாடத்திட்டம் இன்றும் கொழும்பிலேயே வகுக்கப்படுகின்றது. அதனை நாம் குறைகூறவில்லை. திட்டம் ஒன்றாயிருக்கலாம், கலையும் ஒன்றேயாதல் வேண்டுமோ?

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டவர் அறிவர், தாளம் என்பது யாதென்று. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் வாங்கிப் பாட, வலையின் பாரமே காலத்தை அளக்கும். அப்பாடலை வீட்டிலே கேட்டு வளரும் சிறுவன் வகுப்பிலே அதனைச் சொல்ல நாணுகின்றான். நாமே அந்நாணத்தைக் கற்பித்தோம் என்பது அடியேன் துணிபு.

1962இற் பேராதனையிலே 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவியாரைக் கொண்டே மாணவரைப் பழக்கினார். அண்ணாவியாரிடம் பட்டச் சான்றிதழ் கேட்டாரல்லர். பல்கலைக்கழகத்துக்கு ஒத்தது பாடசாலைக்கு ஒவ்வாதோ? மாகாணக் கல்வித் திணைக்களம் வாரத்துக்கு இரு பாடவேளைக்கேனும் அம்பாப் பாடவல்ல முதியோரை வேதனத்துடன் அழைக்கட்டும். முறைப்படி பயின்ற ஆசிரியர் வரும்வரையில் மட்டுமன்று, வந்த பின்னரும்.