இரு வீராங்கனைகளின் பெயர்

1943இல் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்து, காக்கி உடுத்தி, துப்பாக்கி பழகினார்கள். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது அவர்கள் சென்ற ரயில்மீது கொரில்லாக்கள் நடத்திய தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு இளம் வீராங்கனைகள் உயிரிழந்தனர். தைப்பிங் போர்க் கல்லறையில் காமன்வெல்த் வீரர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் இந்த இரு வீராங்கனைகளின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சயாம் மரண ரயில் பாதையில் நம்மவரைக் காவு கொண்ட ஜப்பானின் துணையோடு நின்றவர்களைப் போற்றலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் நம் அஞ்சலி ஜப்பானுக்கு அல்ல; இந்திய விடுதலைக்காக உயிரைக் கொடுத்த பெண்களுக்கு. பாதையில் மடிந்தோரையும் படையில் மடிந்தோரையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மையான வரலாறு. சுங்கை வே முதல் கிள்ளான் வரையுள்ள தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாளாவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.