மாணவர் யோசனைக்கு முகவரி வேண்டும்

காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதிலிருந்து தவறும் நாடு, பாதிக்கப்பட்ட நாட்டுக்கு இழப்பீடு தர வேண்டிய நிலைகூட வரலாம் என்று 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இது ஆலோசனைக் கருத்துதான். தீர்ப்பைப் போல நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எடுத்துவைக்கக்கூடிய ஆயுதம் அது. ஹேக் நகரில் வாசிக்கப்பட்ட அந்தக் கருத்து, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019-ல் கையிலெடுத்த யோசனை அது.

யோசனை புதிதல்ல. 2011-லேயே பலாவ் நாடு இதே முயற்சியில் இறங்கியது. போதிய ஆதரவு கிடைக்காமல் அது நின்றுபோனது. மாணவர்களின் பலம் வேறிடத்தில் இருந்தது. ஐ.நா. பொதுச் சபை கேட்டால் நீதிமன்றம் கருத்துச் சொல்லும். பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவர ஒரு நாடு முன்வர வேண்டும். இந்த வழியைத் தெரிந்துகொண்டு, பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்கு அவர்கள் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு முன்வந்தது. 2023 மார்ச் 29 அன்று, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானத்தைப் பொதுச் சபை வாக்கெடுப்பின்றி ஏற்றது. படிப்பு முடிந்த பின்னும் அந்த மாணவர்கள் விடவில்லை. கடிதத்திலிருந்து ஹேக் வரை ஆறு ஆண்டுகள்!

நம் கல்லூரிகளிலும் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை எட்ட வேண்டிய 2030 நெருங்க நெருங்க, அந்தப் பெயரில் கருத்தரங்குகளும் போட்டிகளும் பெருகிவருகின்றன. நடுவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “இதில் என்ன புதுமை?” என்பது. “இதை யாரிடம் கொடுக்கப்போகிறாய்? அவருக்கு அதிகாரம் உண்டா? எந்த நிதியிலிருந்து பணம் வரும்?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால், பரிசு வாங்கிய திட்டம்கூட அரங்கைத் தாண்டுவதில்லை. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இதில் ஒருபடி மேல். 2017 முதல் நடக்கும் அப்போட்டியில் அமைச்சகங்களே தங்கள் சிக்கலைச் சொல்லித் தீர்வு கேட்கின்றன. கேட்டவர் யார் என்று மாணவருக்குத் தெரியும்.

போட்டிகளைவிட எனக்குப் பெரிய வருத்தம் சுற்றுச்சூழல் பாடத்தைப் பற்றியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003-ல் மீண்டும் வலியுறுத்திய பிறகே, எல்லா இளநிலைப் படிப்புகளுக்குமான ஆறு மாதப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பாடத்திட்டத்தில் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு உரியது. கலை, வணிகம், பொறியியல் என்று எதைப் படித்தாலும், ஒரு குளத்தையோ குப்பைமேட்டையோ நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பதே இதன் பொருள். இத்தனை ஆண்டுகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் எங்கே? மதிப்பெண் போட்டதும் பெரும்பாலானவை துறை அலமாரிக்குள் போய்விட்டன. ஊரைப் பற்றி எழுதியதை ஊர் படிக்கவேயில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்து மாணவி ஒருவர் தன் ஊர் ஊரணியைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்” என்று முடித்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வரத்துக்கால் எந்த இடத்தில் மூடிக்கிடக்கிறது, எத்தனை மீட்டருக்குத் தூர்வார வேண்டும், அந்த இடம் வருவாய்ப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதினால் அது கோரிக்கையாகிவிடும். 2021–26 காலத்துக்கு 15-வது நிதிக் குழு கிராம ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60% குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கே ஒதுக்கப்பட்டது. இதையும் சேர்த்து எழுதினால், “நிதி இல்லை” என்ற பதிலைச் சொல்ல அதிகாரி ஒருமுறை யோசிப்பார்.

அதைக் கொடுக்க இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதினெட்டு வயதாகி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள கல்லூரி மாணவர், தன் ஊர்க் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைக்கத் தேவையில்லை. அது அவருடைய உரிமை. ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டமும் அங்கேதான் ஒப்புதல் பெறுகிறது. நகரத்து மாணவர்களுக்குப் பகுதி சபைகள் உண்டு.

இப்படிச் செய்தால் கல்லூரிக்குள் அரசியல் புகுந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். ஊர்ப் பணம் எங்கே போகிறது என்று கேட்பதும் அரசியல்தான். இருபது வயதில் பழகாவிட்டால் எப்போது பழகுவது? மாணவர் அறிக்கைகளில் தரம் இல்லை என்ற குறையில் உண்மை உண்டு. ஆனால், யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதப்படும் அறிக்கையில் தரம் எங்கிருந்து வரும்? ஊராட்சித் தலைவர் கையில் போகப்போகிறது என்றால் மாணவர் அளவுநாடாவோடு போவார்.

களப்பணி அறிக்கையின் ஒரு படியை மாணவரின் சொந்த ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அனுப்புவதைப் பல்கலைக்கழகங்கள் அடுத்த கல்வியாண்டிலேயே கட்டாயமாக்கலாம். பெற்றுக்கொண்ட அலுவலகம் 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். யோசனையை ஏற்க முடியாவிட்டால் மறுக்கட்டும். என்ன காரணம் என்பதை அந்த மாணவருக்கு எழுதித் தரட்டும்.