'எப்படி இருக்கிறது?' என்று கேட்கும் பிள்ளைக்கு



முன்னாளில் ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்ய வேண்டுமாயின், சென்னைக்குச் சென்று, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கொடுத்து, வாத்தியக்காரர்களையும் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. இன்றோ செங்கற்பட்டு நகரின் சந்து வீடுகளிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மீனவர் குடியிருப்புகளிலும் ஒரு கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் இரவெல்லாம் இசை அமைக்கின்றனர். தபேலாவும் வயலினும் குழலும் மின்னணு ஒலிகளாக அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடைக்கின்றன. 'ஆடாசிட்டி' போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2000-ஆம் ஆண்டு முதலே விலையின்றிக் கிடைத்து வருகிறது. வசதி பெருகிற்று; ஆயினும், செய்ததைப் பொறுமையாகக் கேட்டு நேர்மையாகச் சொல்வோர் பெருகினாரில்லை.

பாட்டு முடிந்ததும் பிள்ளை முதலில் நாடி வருவது வீட்டாரையும் பங்கின் பாடகர் குழுவினரையுமே. "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறான். நம்மிடமிருந்து வழக்கமாக வரும் விடைகள் இரண்டு. பாதி கேட்கும்போதே "பிரமாதம்!" என்று சொல்லி எழுந்து விடுவது ஒன்று. "இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரே இரைச்சல்!" என்பது மற்றொன்று. முன்னது அவனைத் திருவிழா மேடையில் ஊரார் முன்னிலையில் தலைகுனிய வைக்கும். பின்னது அவன் அறைக் கதவை அன்றே சாத்திவிடும். இவ்விரு விடைகளைத் தந்தவர்களும் பாட்டைக் கேட்கவேயில்லை என்பதுதான் வேதனை.

பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர், 1982-ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-8 கீபோர்டு, டி.ஆர்.-808 தாளக் கருவி, டி.பி.-303 பேஸ் கருவி ஆகிய மூன்றைக் கொண்டு, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்திருந்தார். அது விலைபோகவில்லை. பின்னர் 1987-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர்கள் அதே பேஸ் கருவியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையை வெளியிட்டனர். சிங்கின் இசைத்தட்டு 2010-இல் மறுபடி வெளிவந்தபோது, அத்தகைய ஒலி இந்தியாவில் முன்னமே பிறந்திருந்ததைக் கண்டு இசையுலகம் வியந்தது. 2015-இல் அவர் காலமானார். புறக்கணிக்கப்பட்ட பாட்டுகளெல்லாம் உயர்ந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. நமக்குப் பழக்கமில்லாமை வேறு. படைப்பின் குறை வேறு. இரண்டையும் பிரித்தறிதலே திறனாய்வின் முதற்படி.

ஆதலால், கருத்துச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்போம்: "இதை எதற்காகச் செய்தாய், தம்பி?" தேர்ப்பவனிக்கா, அமைதியான செபவேளைக்கா, சபையார் அனைவரும் சேர்ந்து பாடவா? நோக்கம் தெரிந்தால்தான், அது நிறைவேறிற்றா என்று சொல்லவியலும்.

அடுத்து, இருமுறை கேட்போம். ஒருமுறை ஹெட்போனில், மறுமுறை சாதாரண ஸ்பீக்கரில். கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் தாழ்ந்த பேஸ் ஒலிகள் ஏறக்குறைய மறைந்து போகும். அதில் மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் முறையன்று. திருத்திய பாட்டைப் பழையதோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வைக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது மேலானதாகத் தோன்றுவது மனிதச் செவியின் இயல்பு.

பிறகு, இடம் சுட்டிச் சொல்லுவோம். "தெளிவில்லை" என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? "இரண்டாம் நிமிடத்தில் தாளமும் பேஸும் சேருமிடத்தில் சொற்கள் புரியவில்லை" என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். நம் செவி ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. சொற்களின் தெளிவு பெரிதும் அப்பகுதியைச் சார்ந்தது. கிட்டாரும் கீபோர்டும் அங்கேயே வந்து நெருக்கினால் குரல் அமுங்கிவிடும். குரலை மேலும் மேலும் உயர்த்துவதை விட, மற்றவற்றை அவ்விடத்தில் சற்றுத் தாழ்த்துவதே நன்று.

ஆலயத்துக்கெனச் செய்யும் பாட்டில் எக்கோவைப் பற்றியும் ஒரு சொல். உயர்ந்த கூரையும் கற்சுவரும் கொண்ட பழைய ஆலயங்கள் தாமே எதிரொலி தருவன. கம்ப்யூட்டரில் சேர்த்த எக்கோ அதனோடு கலந்தால் சொல் கரைந்து போகும். சபையாரும் உடன் பாடவியலாது. இதை வீட்டிலிருந்து அறிய முடியாது. வழிபாடு இல்லாத வேளையில் ஆலயத்திலேயே ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்க்கப் பங்கினர் இடங்கொடுப்பார்களாக.

ஒரே அமர்வில் பத்துக் குறைகளை அடுக்க வேண்டாம். முதன்மையான ஒன்றையோ இரண்டையோ, பிறர் இல்லாத வேளையில் சொன்னால் போதும். நன்றாக அமைந்த இடத்தையும் அதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த திருத்தத்தில் அதையும் அவன் அழித்துவிடக்கூடும்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேளாமல், "பாடுவோரின் சொல் விளங்குகிறதா? முன்னிசை நீளமா?" என்று கேளுங்கள். சொல்வதை இடைமறியாது குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் பாட்டை மீண்டும் கேட்டுப் பாருங்கள். ஏற்பதும் விடுப்பதும் உங்கள் உரிமை.

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டது. சிலவற்றின் வேலை இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கிறது. அங்கே உளி ஒருமுறை பிழைத்தால் சிதறிய கல் மீண்டும் ஒட்டாது. கம்ப்யூட்டரில் அமைத்த பாட்டு அத்தகையதன்று. நேற்றைய பிரதியைச் சேமித்து வைத்தால், இன்று எத்தனை முறை திருத்திக் கெடுத்தாலும் நேற்றைக்குத் திரும்பலாம். எனவே குறையைச் சொல்லவும் அஞ்ச வேண்டாம்; கேட்கவும் அஞ்ச வேண்டாம். ஆனால் பாட்டைச் செய்தவனின் உள்ளம் அந்தக் கல்லைப் போன்றது. அதில் தவறிப் பட்ட உளியின் வடு எளிதில் மறையாது.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஹெட்போனை நீட்டினால், கைவேலையை வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை கேளுங்கள். அதன் பின்னர் சொல்லுங்கள்.