பாசமும் பருமனும்

விருந்தாளியின் இலையில் "இன்னும் கொஞ்சம்" என்று பரிமாறிக்கொண்டேயிருப்பது தஞ்சை ஜில்லாவின் குணம். போதும் என்று இலையை மூடத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்கிறார். மூடத் தெரியாத விருந்தாளி ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெள்ளைச் சடை நாய்க்குட்டியைத்தான் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டையில் பிள்ளைகள் உத்தியோகத்துக்காக வெளியூர் போய்விட்ட வீடுகளில், வயோதிகத் தம்பதிகளுக்கு இந்த ஜீவனே பேச்சுத் துணை. காப்பி வேளையில் பிஸ்கோத்து, தேங்காய் உடைத்தால் ஒரு துண்டு, இரவில் நெய்ச் சோறு என்று அதற்கு நடக்கும் உபசாரம் கொஞ்சமல்ல. ஒரு வருஷத்தில் அது உருண்டை போலாகிவிடுகிறது. பார்ப்பவர்களும் "என்ன புஷ்டி!" என்று மெச்சுகிறார்கள். ஆனால் அது புஷ்டியல்ல, நோயின் முதற்படி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கிலோ இருக்கவேண்டிய நாய் ஐந்து கிலோ ஆனால், 60 கிலோ மனிதர் 75 கிலோ ஆவதற்குச் சமானம். அந்தப் பாரம் முழுவதும் சுண்டு விரல் போன்ற கால்களின்மேல் விழுகிறது. சிறு ஜாதி நாய்களுக்கு முழங்காற் சில்லு இடம் பெயர்வதும், மூச்சுக் குழல் தளர்ந்து வறட்டிருமல் உண்டாவதும் சாதாரணம். பருமன் இவ்விரண்டையும் அதிகப்படுத்தும். நமது சித்திரை வெயிலில், அடர்ந்த சடையும் கொழுப்பும் சேர்ந்து அதற்கு மூச்சுத் திணறும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை 24 ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக ஆயுள் முழுவதும் உணவளித்துப் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளியாயிற்று. நிறையத் தின்ற கூட்டத்தில் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் இறந்துபோயின. அளவாகத் தின்ற கூட்டத்தில் அந்த வயது 13. லாப்ரடார் பெரிய ஜாதிதான். எனினும் அளவுச் சாப்பாட்டின் பலனை அது தெளிவாகக் காட்டுகிறது.

நாய் பருத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது, சடை மறைத்துவிடும். விலாவைத் தடவிப் பாருங்கள். மூடிய முஷ்டியின் கணுக்களைத் தடவுவதுபோல் எலும்பு துருத்தினால் மெலிவு. விரித்த புறங்கையைத் தடவுவதுபோலிருந்தால் சரியான அளவு. உள்ளங்கையைப்போல் மெத்தென்றிருந்தால் பருமன். மாதம் ஒரு முறை கூடையில் வைத்து, கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு கிராம் நமக்கு அற்பம். நான்கு கிலோ நாய்க்கு அது இருபதில் ஒரு பங்கு.

வீட்டுக்குள்ளேயே வாழும் அத்தகைய நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. ஒரு மாரி பிஸ்கோத்திலேயே அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். இருபத்தைந்து கிராம் தேங்காய்த் துண்டில் 90 கலோரிக்குக் குறையாது. தென்னந்தோப்புகள் சூழ்ந்த நம் ஊரில் இதை நினைவில் வைப்பது நல்லது. பண்டத்துக்குப் பதிலாக வேகவைத்த பீன்ஸ், வெள்ளரிக்காய், காரட் இவற்றில் சிறு துண்டுகள் கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த சாம்பாரும், திராட்சை போட்ட பாயசமும், சாக்லேட்டும் நாய்க்கு விஷம். இவற்றைத் துளியும் கொடுக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் பட்டினி போட்டுவிடாதீர்கள். மிகச் சிறிய நாய்கள், முக்கியமாகக் குட்டிகள், சாப்பாடில்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். வாரத்துக்கு எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு குறைந்தால் போதும். ஐந்து கிலோ நாய் நான்கு கிலோவுக்குத் திரும்பச் சுமார் மூன்று முதல் ஐந்து மாதம் பிடிக்கும். தைராய்டுக் கோளாறினாலும் உடல் பருக்கக்கூடும். ஆகையால் முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். நமக்கு அதிக தூரமில்லாத ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இவ்விஷயத்தில் மிகவும் கடினமான காரியம் வீட்டிலுள்ளோர் ஒற்றுமைப்படுவதுதான். பாட்டி கொடுத்தது தாத்தாவுக்குத் தெரியாது. தாத்தா கொடுத்தது பேரனுக்குத் தெரியாது. காலையிலேயே அன்றைய உணவை அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்கட்டும்; டப்பா காலியானால் அன்றைய விருந்து முடிந்தது. பிறகும் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றால், எழுந்து தெருக்கோடிவரை அழைத்துப் போய் வாருங்கள். அதற்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் நம் துணையே.